வெந்நீருக்குக் காத்திருந்த ராஜா: ராஜ்கிரில் ஐந்து நாள்

ஜனவரி 3, சனிக்கிழமை: பாட்னா, ராஜ்கிர்

காலை 9 மணி ரயில் மதியம் 2 மணியாகியும் வரவில்லை. அறிவிப்பில் ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் கூட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மூடுபனி. எதிர் பிளாட்பாரத்தில் ஆள் இருப்பது இருமல் சத்தத்தில்தான் தெரிந்தது. மண் குவளையில் டீ பத்து ரூபாய், இரண்டு மடக்குக்கு மேல் வராது. அக்கா ஐந்து குடித்தாள். அதில் மூன்று, குவளையைப் பிடித்துக் கை சூடேற்றிக்கொள்ள வாங்கியது.

கடைசியில் ரயிலைக் கைகழுவிவிட்டு பஸ் ஏறினோம். பிகார் ஷரீஃபில் இறங்கி இன்னொரு பஸ். ஜன்னல் கண்ணாடி ஒன்று மூடவே மூடாது, அந்த இடம்தான் எங்களுக்குக் கிடைத்தது. அக்கா பக்கத்தில் இருந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசாமல் தன் கம்பளியில் பாதியை எடுத்து அக்காவின் தோளில் போட்டார். இறங்கும் வரை அப்படியே இரண்டு பேரும் ஒரே கம்பளிக்குள். மொழி தெரியாததால் நன்றி சொல்வதற்குப் பதில் அக்கா முறுக்குப் பொட்டலத்தை நீட்டினாள். அவர் ஒன்றை எடுத்து, மோந்து பார்த்து, மடியில் முடிந்துகொண்டார். பேரனுக்காக இருக்கும்.

ஏன் ராஜ்கிர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அக்காவைத்தான் கை காட்டினேன். முப்பது வருடம் தமிழாசிரியை. மணிமேகலையை வரி வரியாக நடத்தியவள். ஓய்வுக்குப் பிறகு எங்கே போகலாம் என்றபோது கயாவும் காசியும் எல்லாரும் போகிற இடம், மகதத்தின் பழைய தலைநகர் ராஜகிருகம், அதாவது இந்த ராஜ்கிர், போகலாம் என்றாள். எனக்கும் ஒரு காரணம் இருந்தது. போன வருடம் முழுக்க, பிக்குகளுக்கான விதிகளைச் சொல்லும் பாலி நூலான வினய பிடகத்துக் கதைகளை வாசித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'மகத மன்னர் பிம்பிசாரர் புத்தரை ஆதரித்தார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வினயத்தில் அந்த ஆதரவு என்பது கோயில் நிலத்துக்காரருக்கும் பக்கத்து வயல்காரருக்கும் இருக்கிற உறவு மாதிரி இருக்கிறது. தினப்படி சிக்கல், தினப்படி சமாதானம். அந்த ஊரைக் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது.

விடுதிக்கு வந்து சேர இரவு எட்டரை. அறைக்குள் வெளியே இருப்பதைவிடக் குளிர். ஹீட்டர் வேண்டுமென்றால் ராத்திரிக்கு முந்நூறு ரூபாய் தனி. கொடுத்தோம். போட்ட பத்தாவது நிமிஷம் அந்தத் தளத்துக்கே கரண்ட் போயிற்று. பையன் மெழுகுவர்த்தியோடு வந்து, ஹீட்டர் போட்டால் அப்படித்தான் ஆகும் என்று விளக்கினான். பணம் திரும்பவில்லை.

வீட்டிலிருந்து போன். இன்று திருவாதிரை, களி கிண்டி முடித்தாயிற்றாம். அக்கா அந்தப் பேச்சை எடுக்காதே என்றாள். மாடியில் ஏறிப் பார்த்தால், மார்கழிப் பௌர்ணமி நிலா பனிக்குள் எண்ணெய்க் கறை மாதிரி மங்கலாக இருந்தது. இந்த ஊரில்தான் ஒரு பௌர்ணமி ராத்திரியில் அரண்மனை மேல்தளத்தில் உட்கார்ந்திருந்த பிம்பிசாரரின் மகன் அஜாதசத்ரு, மனசு ஆற யாரைப் போய்ப் பார்க்கலாம் என்று மந்திரிகளைக் கேட்டான். அதை நாளைக்கு மறுநாள் எழுதுகிறேன். விரல் விறைக்கிறது.

ஜனவரி 4, ஞாயிற்றுக்கிழமை: குண்டமும் மூங்கில் தோப்பும்

குளியலறைத் தண்ணீரில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு நேராக வெந்நீர் ஊற்றுக்குப் போய்விட்டோம். வைபார மலை அடிவாரத்தில், படியேறிப் போனால் சப்ததாரா, பிரம்ம குண்டம். பூமிக்குள்ளிருந்து கொதித்து வருகிற தண்ணீர். தாரைகளின் கீழ் ஆண்கள் கூட்டம், தலை தெரிகிறதே தவிர உடம்பெல்லாம் ஆவி. பிரம்ம குண்டத்துக்குள் காலை வைத்தவுடன் எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு. பக்கத்தில் கழுத்தளவு நின்றிருந்த பெரியவர், மெதுவாக இறங்காதே, ஒரேயடியாக இறங்கு என்று சைகை காட்டினார். அவர் சொன்னது சரி.

சிக்கல் என்னவென்றால், இறங்கியவர்கள் யாரும் ஏற மாட்டேன் என்கிறார்கள். வெளியே ஐந்தாறு டிகிரி, உள்ளே இதமோ இதம். யார் ஏறுவார்கள்? நானே அரை மணி நேரம் ஏறவில்லை. படியில் துண்டோடு நடுங்கிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்துப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இதே இடத்தில் பிம்பிசாரரும் அப்படி நின்றிருக்கிறார். பாலி நூல்களில் இந்த ஊற்றுக்குப் பெயர் தபோதா. ஒருநாள் ராஜா தலை முழுக வந்தார். வந்து பார்த்தால் பிக்குகள் குளித்துக்கொண்டிருக்கிறார்கள். ராஜாதான், ஒரு வார்த்தை சொன்னால் இடம் காலியாகிவிடும். ஆனால் துறவிகளை எப்படி எழுப்புவது என்று ஒதுங்கி நின்றார். பிக்குகள் குளித்தார்கள், குளித்தார்கள், பொழுது சாயும் வரை குளித்தார்கள். அவர் முறை வந்து முடித்துப் போனபோது கோட்டைக் கதவைச் சாத்தியிருந்தார்கள். மகத நாட்டு ராஜா ராத்திரி முழுக்கத் தன் ஊருக்கு வெளியே படுத்துக் கிடந்தார். விடிந்ததும், பூசிய வாசனைகூடப் போகாமல், புத்தரைப் பார்க்க வந்தார். இவ்வளவு காலையில் என்ன என்று புத்தர் கேட்கப்போய்த்தான் விஷயம் வெளியே வந்தது. விளைவு ஒரு விதி: பதினைந்து நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் பிக்கு குளிக்கக் கூடாது. அப்புறம் நடைமுறைக்கு ஒத்துவராமல் ஒவ்வொன்றாக விலக்குக் கொடுத்தார்கள். வெயில் காலத்தில் குளிக்கலாம், உடம்பு சரியில்லை என்றால் குளிக்கலாம், வேலை செய்தால் குளிக்கலாம், பயணம் போனால் குளிக்கலாம். கடைசி விலக்கு என் கணக்கில் வரும் என்று இன்னும் பத்து நிமிஷம் இருந்தேன்.

எழுந்து வந்தால் செருப்பைக் காணோம். தோல் செருப்பு, தீபாவளிக்கு வாங்கியது. இருந்த இடத்தில் அதே அளவில் ஒரு பழைய செருப்புகூட இல்லை, யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போனதாகவும் சொல்ல முடியாது. பண்டா, அதாவது அந்த ஊர்ப் பூசாரி, ஒருவர் துக்கம் விசாரித்துவிட்டு, செருப்பு போனால் சனி போச்சு என்று சொல்லி அதற்கும் இருபது ரூபாய் தட்சிணை கேட்டார். வாசலில் நீல நிற ரப்பர் செருப்பு நூற்று இருபது ரூபாய்க்கு வாங்கினேன். செருப்புக் கடை சரியாக அந்த இடத்தில் இருப்பது தற்செயல் இல்லை என்பது அக்காவின் கருத்து.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் வேணுவனம். இன்று அது சுற்றுச்சுவர் போட்ட பூங்கா. நடுவில் கரண்ட குளம், ஓரமெல்லாம் மூங்கில், மரத்தடிகளில் ஜோடிகள். அணில் நிறைய. பாலியில் இந்த இடத்துக்கு அணில்களுக்கு இரை போடும் இடம் என்றே ஒரு பெயர் உண்டு. அக்கா மீதமிருந்த முறுக்கை உடைத்துப் போட்டாள். ஒன்றும் சீண்டவில்லை.

பிம்பிசாரர் புத்தருக்குக் கொடுத்தது, சங்கத்துக்குக் கிடைத்த முதல் தோப்பு இது. அதற்கு முன்பே இருவருக்கும் பழக்கம். இன்னும் ஞானம் அடையாத சித்தார்த்தர் இந்த ஊர்த் தெருவில் பிச்சையெடுத்து நடந்தபோது மாடத்திலிருந்து பார்த்த பிம்பிசாரர், மலைக்குப் பின்னாலேயே போய்ச் செல்வம் தருகிறேன் என்று கூப்பிட்டார். அவர் மாட்டேன் என்றார். கண்டடைந்தால் முதலில் என் ஊருக்கு வாருங்கள் என்று ராஜா கேட்டுக்கொண்டதாக மரபு. இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தின் கணக்கில் ராஜா புத்தரைவிட 5 வயது இளையவர், 15 வயதில் பட்டம் ஏறியவர். புத்தர் வந்தார், ஆயிரம் ஜடாதாரிகளோடு. விருந்து போட்ட கையோடு ராஜா யோசித்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ஊருக்கு ரொம்பத் தூரமும் இல்லாமல், ரொம்பக் கிட்டவும் இல்லாமல், போக வரச் சுலபமாய், பகலில் கூட்டமில்லாமல், ராத்திரி சத்தமில்லாமல் இருக்க வேண்டும். வீடு பார்க்கிறவன் யோசனை. தங்கக் கிண்டியில் நீர் வார்த்துக் கொடுத்தார். சங்கம் தோப்பு வாங்கிக்கொள்ளலாம் என்ற அனுமதியே அதற்குப் பிறகு வந்ததுதான்.

எல்லாம் இப்படி இனிமையாகவும் இல்லை. எல்லையில் கலவரம் என்று படையை அனுப்புகிறார் பிம்பிசாரர். வீரர்களில் சிலர், இந்தக் கொலைப் பாவம் நமக்கு எதற்கு என்று நேரே மடத்தில் போய்த் தலையை மழித்துக்கொள்கிறார்கள். தளபதிகள் கொதிக்கிறார்கள். அரசு ஊழியனுக்குத் துறவு கொடுத்தவனுக்கு என்ன தண்டனை என்று ராஜா கேட்க, நீதிகாரர்கள் சொன்ன பதில்: குருவின் தலையை வெட்ட வேண்டும், சடங்கு வாசித்தவன் நாக்கைப் பிடுங்க வேண்டும், கூட இருந்தவர்கள் விலாவில் பாதியை உடைக்க வேண்டும். ராஜா அதைச் செய்யவில்லை. புத்தரிடம் போய், நம்பிக்கை இல்லாத ராஜாக்களும் இருக்கிறார்கள், அவர்கள் சின்ன விஷயத்துக்கும் உங்களைப் பாடாய்ப் படுத்துவார்கள் என்றார். பணிவாகச் சொன்ன வார்த்தைதான். அதற்குள் என்ன இருக்கிறது என்று புத்தருக்குப் புரியாதா? அரசுப் பணியில் இருப்பவனுக்குத் துறவு இல்லை என்று விதி வந்தது.

மழைக்காலத்தில் பிக்குகள் ஊர் சுற்றாமல் ஓரிடத்தில் தங்குவதைத் தள்ளிப்போடச் சொன்னதும் இவர்தான். அட்டமியிலும் பதினான்கு, பதினைந்தாம் நாளிலும் மற்ற சமயத்தார் கூட்டம் போடுகிறார்களே, நீங்களும் போட்டால் என்ன என்று யோசனை சொன்னதும் இவர். இன்றைக்கும் பௌத்த நாடுகளில் பௌர்ணமிக்கு விகாரை போகிறார்கள் என்றால் அதில் இந்த ராஜாவின் கை இருக்கிறது. தோப்பு கொடுத்ததைவிட இது பெரிது என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் மக்தூம் குண்டம் பக்கம் போனோம். இதுவும் ஊற்றுதான், விபுல மலை அடிவாரத்தில். இந்த மலையில் தவம் இருந்த சூஃபி மகான் ஷரஃபுத்தீன் யஹ்யா மனேரியின் பெயரில் இருக்கிறது. கூட்டம் குறைவு. அங்கே என் செருப்பு பத்திரமாக இருந்தது.

ஜனவரி 5, திங்கட்கிழமை: கழுகுக் குன்று, சிறை, மாந்தோப்பு

இன்றைக்கு முழுநாள் டாங்கா, குதிரை வண்டி. எண்ணூறு கேட்டார், அறுநூறுக்கு வந்தார். எழுபது வயதுப் பெரியவர், குதிரைக்கும் கிட்டத்தட்ட அதே வயது போலிருந்தது. குதிரையின் மேல் கோணிச் சாக்கைப் போர்த்தித் தைத்திருந்தார். அவர் மேலே ஒரு சால்வைதான். அக்காவைத் தீதி என்றார், என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

வழியில் சோன் பண்டார் குகை. பிம்பிசாரரின் பொக்கிஷம் பாறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது, வெள்ளைக்காரன் பீரங்கி வைத்தும் திறக்கவில்லை என்று வழிகாட்டி ஒருவர் ஐம்பது ரூபாய்க்குச் சொன்னார். குகையில் இருக்கிற கல்வெட்டு சமண முனிவருடையது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, புதையல் இல்லாத கதைக்கு யார் ஐம்பது ரூபாய் கொடுப்பார்கள்?

அக்கா முழங்காலுக்காக ரோப்வேயில் ரத்னகிரிக்கு ஏறினோம். ஒற்றை ஆள் நாற்காலி. அது நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். பின்னாலிருந்து வந்து முழங்கால் மடிப்பில் தட்டும், உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டு பையன்கள் அக்காவைத் தவிட்டு மூட்டை மாதிரி தூக்கி வைத்துக் கம்பியைச் சாத்தினார்கள். "டேய், இது நிக்காதாடா!" என்று அவள் கத்தியது பனிக்குள் மேலே போய்க்கொண்டே இருந்தது. நான் சிரித்தேன். சிரித்த சிரிப்பில் காலை ஆட்டியிருக்கிறேன், வலது நீலச் செருப்பு கழன்று பனிக்குள் விழுந்தது. சத்தம்கூட வரவில்லை.

மேலே 1969இல் திறந்த வெள்ளை ஸ்தூபி, ஜப்பானியப் பிக்கு நிசிதாட்சு ஃபூஜி முயற்சியில் கட்டியது. நாங்கள் பார்த்தது கீழ்ப் பாதி. மேல்பாதி பனியில் இல்லை. அங்கிருந்து இறங்கிக் கழுகுக் குன்றான கிருத்ரகூடத்துக்குப் படிப்பாதை. ஒற்றைச் செருப்பை வைத்து என்ன செய்வது, பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். கல் ஐஸ் மாதிரி குத்தியது. இந்தப் பாதையே பிம்பிசாரர் போட்டதுதான். ஓரிடத்தில் அவர் தேரை விட்டு இறங்கினார் என்றும், இன்னோரிடத்தில் கூட வந்த கூட்டத்தை நிறுத்திவிட்டார் என்றும் இரண்டு சிறு ஸ்தூபிகளை யுவான் சுவாங் குறித்து வைத்திருக்கிறார். அதற்கப்புறம் அவரும் நடந்துதான் போயிருக்க வேண்டும். செருப்போடு போனாரா என்பதை யுவான் சுவாங் எழுதவில்லை.

உச்சியில் பெரிதாக ஒன்றும் இல்லை. கழுகு சிறகை ஒடுக்கி உட்கார்ந்த மாதிரி பாறைகள், செங்கல் மேடை ஒன்று, அதன்மேல் மஞ்சள் பூவும் பத்தியும். "நம்ம ஊர்க் கழுகுமலை பெயரும் இதே பெயர்தானே, அங்கே சமணம்" என்றாள் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே. வெள்ளை உடையில் இலங்கைக் கூட்டம் ஒன்று உட்கார்ந்து பிரித் ஓதிக்கொண்டிருந்தது. ஓதி முடித்து சாது, சாது, சாது என்று மூன்று முறை சொன்னபோது பனியே கொஞ்சம் விலகின மாதிரி இருந்தது. விலகவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு சிங்களப் பெரியவர் என் காலைப் பார்த்துவிட்டு, "எந்த ஊர்? சப்பாத்து எங்கே?" என்று தமிழில் கேட்டார். மாத்தளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதியவராம், அங்கே பழகிய தமிழ். பிளாஸ்கிலிருந்து பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார், கூட உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டி. அதைக் கடித்துக்கொண்டு இதைக் குடிக்க வேண்டும். இந்தப் பயணத்தில் குடித்ததிலேயே நல்ல டீ அதுதான். பிம்பிசார ராஜா கதை தங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும் என்றார். "மகன் செய்தது பாவம், மிச்சம் பாவம்" என்று சொல்லிவிட்டுக் கீழே எங்கோ பார்த்துக் கும்பிட்டார். சிறை அந்தத் திசையில்தான் இருக்கிறதாம். எங்களுக்குப் பத்தடிக்கு மேல் தெரியவில்லை.

கீழே டாங்காக்காரர் லிட்டிக் கடையில் நிறுத்தினார். வறட்டித் தணலில் சுட்ட உருண்டை, உள்ளே சத்து. நம் சத்துமாவு இல்லை, வறுத்த கடலை மாவில் பூண்டு, ஓமம், பச்சை மிளகாய், ஊறுகாய் மசாலா பிசைந்தது. கடைக்காரர் லிட்டியைத் துணியில் போட்டுச் சாம்பலை உதறி, உள்ளங்கையில் அழுத்திப் பிளந்து, நெய்க் கிண்ணத்தில் முக்கித் தட்டில் வைத்தார். கூடச் சுட்ட கத்தரிக்காய், தக்காளி பிசைந்த சோக்கா. இரண்டு லிட்டி நாற்பது ரூபாய். ஒன்றுக்கு மேல் என்னால் முடியவில்லை. டாங்காக்காரர் நாலு சாப்பிட்டார்.

அங்கிருந்து சிறை. பெயர்ப்பலகை இல்லாவிட்டால் யாரும் நிறுத்த மாட்டார்கள். சுமார் 60 மீட்டர்ச் சதுரத்தில் கற்சுவரின் அடித்தளம், இரண்டு மீட்டர் கனம், மூலைகளில் வட்டமான கொத்தளம். தோண்டியபோது இரும்பு வளையம் கிடைத்ததால் இதுதான் பிம்பிசாரரை மகன் அஜாதசத்ரு அடைத்த இடம் என்று சொல்கிறார்கள். உள்ளே புல், ஒரு நாய், கிரிக்கெட் ஆடும் நாலு பையன்கள். ஸ்டம்புக்குப் பதில் பழைய கல் இல்லை, நல்லவேளை, செங்கல்.

வினயத்தில் இந்தக் கதை தொடங்குகிற விதம் வேறு. புத்தரை எதிர்த்த பிக்கு தேவதத்தன் பேச்சைக் கேட்டுத் தொடையில் கட்டிய கத்தியோடு அந்தப்புரத்துக்குள் வந்த அஜாதசத்ரு கையும் களவுமாகப் பிடிபடுகிறான். எல்லாப் பிக்குகளையும் கொல்ல வேண்டும் என்கிறார்கள் சில மந்திரிகள். பிம்பிசாரர் மகனைக் கூப்பிட்டு, ஏன் என்னைக் கொல்லப் பார்த்தாய் என்று கேட்கிறார். ராஜ்ஜியம் வேண்டும் என்கிறான். அப்படியானால் எடுத்துக்கொள் என்று கொடுத்துவிடுகிறார், அவ்வளவுதான். கொடுத்த பிறகும் அப்பாவை உயிரோடு விட மனமில்லை என்பது உரைநூல்கள் சொல்லும் பகுதி. பட்டினி போட்டான். ராணி மடியில் சோறு கொண்டுபோனாள், தடுத்தார்கள். கொண்டையில், தடுத்தார்கள். செருப்பில், அதையும் தடுத்தார்கள். கடைசியில் உடம்பிலேயே பூசிக்கொண்டு போனாள். மகாயானக் கதையில் அது தேனும் நெய்யும் வறுத்த மாவும் பிசைந்த களிம்பு. இப்போதுதான் நெய்யில் முக்கிய வறுத்த மாவைத் தின்றுவிட்டு வந்திருந்தோம். அக்கா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

அதுவும் நின்றது. சிறைக்குள் நடந்துகொண்டே தியானம் செய்து உயிர் பிடித்திருந்தார் ராஜா, மலைமேல் புத்தர் நடப்பது தெரியும் என்ற நம்பிக்கையில். மகன் நாவிதனை அனுப்பி உள்ளங்காலைக் கீறச் சொன்னான். அப்பா செத்த அன்றே மகனுக்கு ஒரு மகன் பிறந்தான் என்று உரை முடிக்கிறது. சமண நூல்களில் இதே ராஜா சிரேணிகன், மகாவீரரின் பக்தர். அங்கே மகன் குணிகன் மனம் மாறி விலங்கை உடைக்கக் கோடாரியோடு ஓடி வருகிறான், கொல்லத்தான் வருகிறான் என்று நினைத்து அப்பா தானே உயிரை விடுகிறார். இரண்டில் எது மோசம் என்று சொல்லத் தெரியவில்லை.

அக்கா சுவரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மணிமேகலை சோழன்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமா மாத்திக் குடுன்னு. அந்தக் காதையிலதான் மகத வினைஞரும் மராட்டக் கம்மரும்னு வரும்" என்றாள். முப்பது வருடம் நடத்தியும் இரண்டையும் இன்றுதான் சேர்த்துப் பார்த்தாளாம்.

டாங்காக்காரர் சாட்டையை நீட்டிப் பனிக்குள் ஓரிடத்தைக் காட்டினார். கிருத்ரகூடம் அங்கே இருக்கிறது, எல்லா நாளும் தெரியும், இன்றைக்குத்தான் தெரியவில்லை என்றார். அவர் தப்பு செய்துவிட்ட மாதிரி சொன்னார்.

ஜீவகன் மாந்தோப்பு பக்கத்திலேயே. மாமரம் அதிகமில்லை. நீள்வட்டமான கூடங்களின் கல் அடித்தளம், அகழ்ந்து வைத்திருக்கிறார்கள். ஜீவகன் ராஜ வைத்தியர், பிம்பிசாரரின் பவுத்திரத்தைக் குணமாக்கியவர், ராஜா சொல்லிப் புத்தரையும் சங்கத்தையும் கவனித்துக்கொண்டவர். முதல் நாள் சொன்ன பௌர்ணமிக் கதை இங்கேதான் நடக்கிறது. யாரிடம் போகலாம் என்று அஜாதசத்ரு கேட்க, ஆளாளுக்கு ஒரு சாமியார் பெயர் சொல்கிறார்கள். ஜீவகன் மட்டும் பேசாமல் இருக்கிறார். நீ ஏன் சும்மா இருக்கிறாய் என்றதும், என் மாந்தோப்பில் புத்தர் 1250 பிக்குகளோடு தங்கியிருக்கிறார் என்கிறார். யானைகள் பூட்டி, பந்தம் பிடித்து வருகிறான் ராஜா. தோப்பை நெருங்கியதும் மயிர் கூச்செறிகிறது. 1250 பேர் இருக்கிற இடத்தில் ஒரு தும்மல் இல்லை, இருமல் இல்லை. "ஜீவகா, என்னை எதிரிகளிடம் காட்டிக்கொடுக்கவில்லையே?" என்று கேட்கிறான். அப்பாவைக் கொன்றவனுக்கு அமைதியைக் கண்டால்தான் பயம். உள்ளே போய் அந்த அமைதியைப் பார்த்ததும் முதலில் வாயில் வந்தது, என் மகன் உதாயிபத்ரனுக்கு இந்த அமைதி கிடைக்க வேண்டும் என்பது.

பேசி முடித்து, அப்பாவைக் கொன்றேன் என்று தானாகவே ஒப்புக்கொள்கிறான். குற்றத்தைக் குற்றமாகக் கண்டு சொல்கிறாய், ஏற்றுக்கொள்கிறோம் என்கிறார் புத்தர். அவன் போன பிறகு பிக்குகளிடம், இவன் தன்னைத் தானே கெடுத்துக்கொண்டான், அந்தக் கொலை மட்டும் இல்லையென்றால் இந்த இடத்திலேயே கண் திறந்திருக்கும் என்கிறார். கொல்லப்பட்டவர் அவருக்கு எத்தனையோ வருட நண்பர். அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ரோப்வே அடியில் ஒற்றைச் செருப்புகளாக ஒரு குவியல் இருப்பதைத் திரும்பும்போது பார்த்தேன். என் நீலச் செருப்பு மேலேயே கிடந்தது. பொறுக்கி வைத்த பையனுக்கு இருபது ரூபாய் கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்று விட்டான்.

ஜனவரி 6, செவ்வாய்க்கிழமை: சப்தபர்ணி

அக்கா முழங்காலுக்கு ஓய்வு. நான் மட்டும் வைபார மலை ஏறினேன். காரை இல்லாமல் பாறைகளை அடுக்கிக் கட்டிய பழைய மதில் மலை முதுகெல்லாம் ஓடுகிறது, மொத்தம் 40 கி.மீ. என்கிறார்கள். மேலே சமணக் கோயில்கள், அவற்றைத் தாண்டி இறங்கினால் சப்தபர்ணி குகை வரிசை. புத்தர் மறைந்த பிறகு அவர் சீடர் மகாகாசியபர் தலைமையில் 500 பிக்குகள் கூடி, உபாலி வினய விதிகளையும் ஆனந்தர் தம்மத்தையும், அதாவது புத்தரின் போதனைகளையும், ஒப்பித்த இடம். 7 மாதம் நடந்தது. பந்தல் போட்டு, சோறு போட்டு, அதற்கு முன்பு ஊரில் இடிந்து கிடந்த 18 விகாரைகளையும் பழுது பார்த்துக் கொடுத்தவன் அஜாதசத்ரு. ஆக, தபோதாவில் பிம்பிசாரர் காத்து நின்ற கதையும் இந்தக் குகை வாசலில், அவரைக் கொன்ற மகன் போட்ட பந்தலில் ஒப்பித்துத்தான் நமக்கு வந்திருக்கிறது.

இதை இறங்கி வந்து அக்காவிடம் சொன்னேன். "அவன் போட்ட சோத்தையா சாப்பிட்டாங்க?" என்றாள். சாப்பிட்டார்கள். "வேற வழி இல்லாம இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் கழித்து, "இருந்தாலும்" என்றாள். அதோடு நிறுத்திவிட்டாள். ஒரு காலத்தில் தேவதத்தனுக்குத் தினமும் 500 தட்டுச் சோறு அனுப்பியவனும் இவன்தான் என்பதை நான் சொல்லவில்லை.

சாயங்காலம் மறுபடி குண்டம். செருப்பை அக்கா பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜனவரி 7, புதன்கிழமை: கிளம்பும் நாள்

காலை எட்டு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் வெயில். ஐந்து நாளில் முதல் வெயில். தெருவில் எல்லாரும் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். பத்தரைக்கு பஸ். வழியில் சிலாவில் இறங்கிக் காஜா வாங்க வேண்டும், அடுக்கடுக்காக நொறுங்குகிற அந்த இனிப்பைத் திருச்சி வரை முழுசாகக் கொண்டுபோக முடியாது என்று கடைக்காரர்களே சொல்கிறார்கள். அக்கா பெட்டி கட்ட ஆரம்பித்திருந்தாள். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று இ-ரிக்‌ஷா பிடித்தேன், போக வர இருநூறு.

சிறையில் யாரும் இல்லை. பள்ளிக்கூட நாள், கிரிக்கெட் பையன்களும் இல்லை. புல்லில் பனி காய்ந்துகொண்டிருந்தது. நாய் மட்டும் அதே சுவரில், வெயில் படுகிற பக்கம் படுத்திருந்தது. டாங்காக்காரர் சாட்டையால் காட்டிய திசையில் பார்த்தேன். போன் அடித்தது.

"தெரியுதாடா?"

"தெரியுதுக்கா. பாறை, படிக்கட்டு, மேல கொடி கட்டியிருக்கே, அது எல்லாமே தெரியுது."

"எவ்வளவு தூரம் இருக்கும்?"

"கிட்டத்தான். நடந்தே போயிடலாம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"சரி, வா" என்றாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு."